தேத்தண்ணியில் கரைத்த சத்துப்பொடி

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகன் கூடத்தில் உட்கார்ந்து என் வேலைச் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை செருப்பைக் கடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் அம்மா எங்கள் ஊர் கெலாங் பாத்தாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எதையாவது வாயில் வைத்தால் போதும் என்று நான் ஏங்கிக் கிடந்த நாட்கள் உண்டு. இருங்கள், முதலில் செருப்பைப் பிடுங்கிவிட்டு வருகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் கைப்பிள்ளை வைத்திருப்பவர்கள் நிறைய பேர். பாதிப் பேர் என்னைப் போல விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறி, மலேசியாவிலிருந்து பாலம் தாண்டி, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள். "உங்க புள்ளைக்கு என்னாதான் ஆச்சு அக்கா?" என்று லிப்டில் ஒருத்தி, துணி காயப்போடும் இடத்தில் ஒருத்தி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு கதையாகப் பரவுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான் கலா. தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன மின்சாரப் பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிப்பது என் வேலை. என் கணவர் சேகர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகன் கவின். நான்காவது ஆள் பாக்கியம் அண்ணி, சேகரின் அக்கா. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு குளுவாங் மார்க்கெட்டில் காய்கறி விற்றார். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. கவின் பிறந்ததும் ஒத்தாசைக்கு வந்தவர், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே இங்கேயே தங்கிவிட்டார். அவர் இல்லையென்றால் என் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் இந்த வீடு இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். சண்டை வரும்போது மட்டும் மறந்துவிடும்.

எனக்கும் அண்ணிக்கும் சண்டை வராத நாள் குறைவு. நான் மூக்குக்கு மேல் கோபம் வைத்திருப்பவள். அவர் எதற்கும் அசைந்து கொடுக்காதவர். நான் கத்துவேன், அவர் வெங்காயம் உரிப்பார். கடைசியில் நானே போய், "என்னாண்ணி சமையலு?" என்று கேட்பேன். அதுதான் எங்கள் சமாதானம்.

கவினுக்கு எட்டு மாதம் ஆனபோது கிளினிக்கில் எடை போட்ட மிஸிக்கு முகம் சரியில்லை. எங்கள் ஊரில் தாதியை மிஸி என்றுதான் சொல்வோம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது, எடையும் ஏறவில்லை என்றார். ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் சத்துப்பொடி. இரும்புச் சத்து, துத்தநாகம், வைட்டமின்கள் எல்லாம் கலந்த பொடி. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், பிள்ளை சாப்பிடும் கஞ்சியில் தூவிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று மிஸி சொல்லிவிட்டார். கவினிடம் யார் சொல்வது? பொடி போட்ட கஞ்சி பக்கத்தில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஏமாற்றி ஊட்டினால் என் சட்டையிலேயே துப்புவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான் போலிருக்கிறது. அந்த அம்மா, "நீங்களாவது குடுங்க" என்று அவர்களுடைய பெட்டியையும் எங்களிடம் தள்ளிவிட்டார்.

வழி கண்டுபிடித்தவர் அண்ணிதான். கவின் மறுபேச்சில்லாமல் வாயைத் திறக்கும் பண்டம் ஒன்று உண்டு. தேத்தண்ணியில், அதாவது தேநீரில், ஊறவைத்த பிஸ்கட். தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பல் முளைக்காத பிள்ளைக்கும் பல் விழுந்த கிழவருக்கும் எங்களிடம் ஒரே பண்டம் அதுதான். அவர்களுடைய அம்மா இறந்தபிறகு சேகரை அண்ணி வளர்த்தது அப்படித்தான். விடியற்காலையில் மரம் வெட்டப் போகும்போது தம்பியைத் தூக்கிக்கொண்டு போய், மரத்தடியில் உட்கார வைத்து, எனாமல் குவளையில் தேத்தண்ணி ஊற்றி, பிஸ்கட்டைக் குழைத்து ஊட்டியிருக்கிறார். அந்தக் குவளை இன்னும் இருக்கிறது. வெள்ளைக் குவளை, நீல விளிம்பு, பிடி பக்கத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். அதில்தான் கவினுக்கும் ஊட்டுவார்.

அந்தக் குழைவில் பொடியைப் போட்டுக் கலக்கியதும், பழுப்பாக இருந்தது மெல்ல மெல்லக் கறுத்து மை மாதிரி ஆகிவிட்டது. நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அண்ணி முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா கலா, சத்து எறங்குது பாரு. கஞ்சியில போட்டப்ப இப்புடியா இருந்துச்சு?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கவின் ஒரு வாய் விடாமல் சாப்பிட்டான். அன்றைக்கு நாங்கள் மூவரும் பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. உள்ளங்கை வெளுத்துக்கொண்டே போனது. முதலில் மலம் கறுப்பாகப் போனது, இரும்புச் சத்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று மிஸி சொல்லியிருந்ததால் விட்டுவிட்டோம். பிறகு தண்ணீராகப் போனது. நின்றது. மறுபடி போனது. பல் முளைக்கிறது, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கவின் வாயில் பல்லையும் காணோம், கன்னத்தில் சதையையும் காணோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அழுதுகொண்டிருந்தான். என் மடியில் கிடந்து வாயைத் திறந்து அழுகிறான், கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. நான் அவன் முகத்தைத் துடைக்கப் போய்த்தான் அதைக் கவனித்தேன். துடைக்க எதுவும் இல்லை. கண் உள்ளே போயிருந்தது. உச்சந்தலைக் குழி அழுந்தியிருந்தது.

"என்னங்க, வண்டிய எடுங்க" என்றேன். சேகர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடே வண்டியை எடுத்தார். அண்ணி வீட்டைப் பூட்டக்கூட மறந்து ஓடிவந்து ஏறினார்.

ஜோகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் பிள்ளையைப் பார்த்ததும் எங்களை வரிசையில் உட்காரச் சொல்லவில்லை, நேராக உள்ளே கொண்டுபோனார்கள். வரிசையில் காக்க வைத்தால் திட்டுவோம். காக்க வைக்காமல் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினால் வரும் பயம் இருக்கிறதே, அதற்குப் பதில் திட்டிக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார்கள். நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள், கடைசியில் ஒரு வழியாக மணிக்கட்டில் டிரிப் ஏறியது. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பாடினேன். எனக்குப் பாட வராது. அவனுக்கு அது தெரியாது.

பிள்ளைகள் வார்டில் அம்மா ஒருத்தி மட்டும் கூடத் தங்கலாம். மற்றவர்கள் பார்க்கும் நேரத்தில் வந்து போக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதுதான் என் வீடு. பக்கத்துக் கட்டில் மலாய் அக்கா, நான் வந்த அன்றே தன் தலையணையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் குளிக்கப் போகும்போது கவினைப் பார்த்துக்கொள்வார். அவருடைய பிள்ளைக்கு மூச்சுத் திணறல், அவருக்கே ஆயிரம் கவலை. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் எங்கள் கழுத்தை நெரிக்கவில்லை. என் சூப்பர்வைசருக்குத்தான் நான் வராதது பெரிய நோயாக இருந்தது. ஒவ்வொரு நாளும், "நாளைக்கு வருவியா?" என்று மெசேஜ் வரும். சேகர்தான் என் போனை வாங்கி, "புள்ள ஆஸ்பத்திரியில இருக்கு" என்று பதில் போட்டார். நான் போட்டிருந்தால் வேறு மாதிரி போட்டிருப்பேன்.

எங்கள் வார்டு டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், ஆயர் ஈத்தாம் ஊர்க்காரி. என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். தலைமுடியைக் கொண்டை போட்டு அதில் பேனாவைச் செருகிக்கொண்டு, பிறகு பேனாவைத் தேடிக்கொண்டிருப்பாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் உட்கார்ந்து பேசினாள்.

"அக்கா, ரத்தத்துல காத்த சொமந்துக்கிட்டுப் போற சிவப்புச் சத்து ஒன்னு இருக்கு. தம்பிக்கு அது ரொம்பக் கொறவா இருக்கு. அந்தச் சிவப்பணுவும் சின்னச் சின்னதா இருக்கு. அப்புடி இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு இரும்புச் சத்து பத்தல. இன்னொன்னு தலசீமியா."

தலசீமியா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நல்ல ரத்தத்தைச் செய்ய உடம்புக்கே தெரியாத பரம்பரைக் குறை. கடுமையாக இருந்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளியில் என்னோடு படித்த ஒரு பிள்ளைக்கு இருந்தது.

"இரும்புச் சத்து எப்புடி டாக்டர் பத்தாம போகும்? பொடி ஒரு நாள்கூட விடாம குடுத்தோம்லா" என்றேன்.

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் பாதி உயிர் போய்விட்டது. பொடி கொடுத்தும் ஏறவில்லையென்றால் மற்றதுதானே?

எங்கள் இருவருடைய ரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். சேகர் போனில் தேடித் தேடிப் படித்து, ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சொன்னார். நான் போனைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். "லாரி ஓட்டத் தெரிஞ்சா லாரிய ஓட்டுங்க, டாக்டர் வேலைய டாக்டர் பாப்பாங்க" என்று வார்டே கேட்கும்படி சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் அவன் பிள்ளைதானே.

சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் ஒரு மலாய்ப் பெண்ணும் வந்தார். பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுவான் என்று பொறுமையாகக் கேட்டார். பால், கஞ்சி, உருளைக்கிழங்கு, மீன் கொஞ்சம், சத்துப்பொடி என்று நான் வரிசையாகச் சொன்னேன். வேறு ஏதாவது என்று திரும்பக் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை என்றேன். சத்தியமாக நான் மறைக்கவில்லை. தேத்தண்ணியையும் அதில் ஊறிய பிஸ்கட்டையும் நாங்கள் சாப்பாட்டில் சேர்ப்பதே இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யாராவது தண்ணீர் குடித்தேன் என்று சொல்வார்களா? அது மாதிரிதான்.

டிரிப் ஏறி இரண்டு மூன்று நாளில் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. பால் புட்டியைத் தள்ளினான். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பார்த்ததும் உதட்டைப் பூட்டிக்கொண்டான். பொடி இப்போதைக்கு வேண்டாம் என்று வார்டில் என்னிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்த அண்ணிக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அன்று பார்க்கும் நேரத்துக்கு அண்ணி ஒரு பை நிறையச் சாமானோடு வந்தார். ஃபிளாஸ்க், பிஸ்கட், அந்த எனாமல் குவளை, சத்துப்பொடி பாக்கெட். சேகர் பின்னால் வந்தார். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊற்றி, பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, பொடியைக் கொட்டிக் கலக்கினார். கறுத்தது. கவின் அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினான். குவளையைப் பார்த்தான். அத்தனை நாளாகப் பூட்டிக் கிடந்த வாயை அகலமாகத் திறந்தான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி கரண்டியைத் தூக்கினார். அதே நேரம் டாக்டர் உள்ளே வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். அது என்னா கறுப்பா?"

அண்ணி சிரித்த முகமாகவே சொன்னார். "தேத்தண்ணி பிஸ்கட்டுமா. சத்துப்பொடி போட்டிருக்கு."

டாக்டர் குவளையை வாங்கி உள்ளே பார்த்தாள். பிறகு கரண்டியையும் மெதுவாக வாங்கிக்கொண்டாள். கவின் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தினமும் இப்புடித்தான் குடுப்பீங்களா? யாரு குடுக்கறது?"

அதட்டலாகக் கேட்கவில்லை. ஆனால் அண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்ன தப்பு என்று புரியவில்லை, ஏதோ தப்பு என்று மட்டும் புரிந்தது. காலி கை அந்தரத்தில் அப்படியே நின்றது. எதற்கும் அசையாத அண்ணியின் உதடு நடுங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் குடுக்கறேன் டாக்டர்" என்றேன்.

"நானுந்தான்" என்றார் சேகர்.

"அவங்க இல்லமா, நான்தான். அவங்க வேலைக்குப் போறவங்க" என்றார் அண்ணி.

டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூனு பேருமா? அப்ப ஒரு நாளைக்கு எத்தன பாக்கெட்டு?"

அப்போதுதான் வெளிவந்தது பாருங்கள் எங்கள் வீட்டு லட்சணம். நான் பஸ்ஸுக்குப் போகும் முன் ஒரு பாக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவேன். காலை அவசரத்தில் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்று அண்ணி மத்தியானம் ஒன்று கொடுப்பார். பிள்ளை வெளுத்திருக்கிறானே, அக்காவுக்கு வேலையில் மறந்திருக்கும் என்று சேகர் சாயங்காலம் ஒன்று. இரண்டு பெட்டி இருந்ததால் எதில் எவ்வளவு குறைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மனது நோகக்கூடாது என்று ஒருவரை ஒருவர் கேட்கவும் இல்லை. சண்டை போட எத்தனையோ கேட்கும் நான், கேட்க வேண்டிய இதை மட்டும் கேட்கவில்லை.

"அலமாக், ஐயய்யோ" என்றாள் டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பயப்படாதீங்க. இந்த அளவு வெஷமாகுற அளவு இல்ல. ஆனா கேளுங்க. தேத்தண்ணியில ஒரு தொவர்ப்பு இருக்குல்ல, அது இரும்புச் சத்தப் புடிச்சிக்கிட்டு விடாது. இந்தக் கறுப்பு அதுதான். அப்பறம் அந்தச் சத்து ரத்தத்துக்குப் போகாது, கொடல்லயே தங்கிடும்."

"தங்குனா வெளிய போயிடும்லா?" என்றார் சேகர்.

"போவும். போறதுக்கு முந்தி கெட்ட கிருமிங்க அத தின்னுட்டுப் பெருகும். நம்ம கொடல்ல நல்ல கிருமியும் இருக்கு, கெட்ட கிருமியும் இருக்கு. நல்லதுங்களுக்கு இரும்பு பெருசா வேணாம். கெட்டதுங்களுக்கு அது விருந்து. கைப்புள்ள கொடல் இப்பதான் பழகிக்கிட்டு இருக்கு, அங்க யாரு கை ஓங்குதோ அவங்க ராஜ்யம்தான்."

"அதனாலதான் வயித்தால போச்சாமா?" அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதனாலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது பெரியம்மா. கிருமி எங்கருந்து வேணா வந்திருக்கலாம். வந்த கிருமிக்கு நாம பாய் விரிச்சிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. அவ்வளவுதான்." அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் தேத்தண்ணி பிஸ்கட்டுல வளந்தவதான். எங்கம்மா இன்னிக்கும் எனக்கு அதான் குடுப்பாங்க."

அவள் எவ்வளவு இதமாகச் சொன்னாலும் அண்ணிக்கு எதுவும் ஏறவில்லை. குவளையைக் கழுவி, துணியில் சுற்றி, பைக்குள் வைத்தார். போகும்போது கவினைத் தொடாமலே போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. சேகர் மட்டும் வந்து, "அக்கா துணிமணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கு. குளுவாங்குக்குப் போறேங்குது. என் கைராசி புள்ளைக்கு ஆவலன்னு ஒரே அழுகை" என்றார்.

கவினோ யார் கொடுத்தாலும் சாப்பிடவில்லை. நான் ஊட்டினேன், சேகர் ஊட்டினார், மிஸி ஊட்டினார், மலாய் அக்கா குருவிச் சத்தமெல்லாம் போட்டு ஊட்டிப் பார்த்தார். டாக்டர் வந்து சோதித்துவிட்டு, வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறது, ஆனால் குடலுக்குள் சாப்பாடு போனால்தான் குடல் ஆறும், நாளைக்கும் சாப்பிடவில்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். நல்லதுக்குத்தான். ஆனால் அந்தச் சின்ன மூக்கில் குழாயை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான் சேகரிடம் சொன்னேன். "உங்க அக்காவ கூட்டிக்கிட்டு வாங்க. அந்தக் குவளையும் வேணும். வரலன்னா நானே வந்து இழுத்துக்கிட்டு வருவேன்னு சொல்லுங்க."

வந்தார். கையில் துணிப்பை, ஊருக்குப் போகிற கோலம். கட்டிலுக்கு நான்கு அடி தள்ளி நின்றார். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் கலா. என் கையால வேணாம். நீ குடு."

எனக்கு வந்ததே கோபம். "உங்க கை என்னா பண்ணுச்சு? உங்க தம்பிய வளத்த கை அது. தேத்தண்ணிதான் கூடாதுன்னாங்க, உங்க கை கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னாங்க? எனக்குச் சொல்லுங்க, நான் போயிக் கேக்கறேன். நீங்க குளுவாங்கு போனா நானும் புள்ளையத் தூக்கிக்கிட்டு பின்னாடியே வருவேன், மார்க்கெட்டுல உங்க பக்கத்துல ஒக்காந்து கீரை விப்பேன், பாத்துக்குங்க!"

தமிழ் தெரியாத மலாய் அக்காகூடத் தலையை ஆட்டினார். அண்ணி துணிப்பையைக் கீழே வைத்தார். கை கழுவிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கஞ்சி ஒரு தட்டில் ஆறிக் கிடந்தது. பைக்குள்ளிருந்து குவளையை எடுத்து அதில் கஞ்சியைப் போட்டு, கரண்டியால் விளிம்பில் தட்டித் தட்டிக் குழைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் கவின் திரும்பினான். குவளையைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான்.

வாயைத் திறந்தான்.

முதல் வாயை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். இது அது இல்லையே என்று அவன் முகத்தில் தெரிந்தது. விழுங்கினான். அடுத்த வாய்க்குத் திறந்தான். அவனுக்கு வேண்டியது தேத்தண்ணியே இல்லை, அந்தக் குவளையும் அந்தக் கையும்தான். அண்ணி அழுதுகொண்டே ஊட்டினார், சேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் வெட்கமில்லாமல் சத்தமாகவே அழுதேன்.

குழாய் தேவைப்படவில்லை. கொஞ்ச நாளில் ரத்த முடிவும் வந்தது. டாக்டர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் இருவருக்கும் தலசீமியா இல்லை, கவினுக்கும் இல்லை, வெறும் இரும்புச் சத்துக் குறைவுதான். வெறும் என்ற அந்த வார்த்தை எவ்வளவு அழகான வார்த்தை என்று அன்றுதான் தெரிந்தது. சேகர் அவள் காலில் விழாத குறை.

வயிறு சரியானபின் இரும்புச் சத்தைத் திரும்ப ஆரம்பித்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு, ஒரே ஆள் கொடுப்பது என்று சட்டம். அந்த ஆள் அண்ணி. தேத்தண்ணி கூடாது. கஞ்சியில் பருப்பு, மீன், கோழி ஈரல் கொஞ்சம், கூடவே கொய்யாவோ ஆரஞ்சோ மசித்து. அந்தப் புளிப்புச் சத்து இரும்பைக் கைபிடித்து ரத்தத்துக்குள் அழைத்துக்கொண்டு போகுமாம். பாத்திரம், பால் புட்டி எல்லாம் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். அண்ணி ஒன்றையும் தவறவிடவில்லை. கிளினிக்கில் அடுத்த முறை விரலில் குத்திப் பார்த்த மிஸி சிரித்தார். உள்ளங்கையில் மெதுவாக நிறம் வந்தது.

இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வாரம் எனக்கு லீவு நாள். மத்தியானம் கவினைத் தூங்கவைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த எனாமல் குவளை. சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குத் தேத்தண்ணி இல்லாமல் ஆகாது, தலை வலிக்கும், யாரிடமும் பேச மாட்டார். எனக்குத் தாகம். கேட்காமலே எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

வெறும் சுடுதண்ணீர்.

"என்னாண்ணி இது? தேத்தண்ணி இல்லயா?"

அவர் பாகற்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் வந்து குவளைய எட்டிப் பாக்கறான் கலா. பாத்துட்டு வாயத் தொறக்கறான். நான் மட்டும் எப்புடிக் குடிக்கிறது? தண்ணியா இருந்தா அவனுக்கும் ஒரு வாய் குடுத்துறலாம்."

"எப்பருந்து?"

"ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்துதான்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து தேத்தண்ணியோடு கண் விழித்தவர். இத்தனை மாதமாகத் தலைவலியோடு என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்கவே இல்லை.

அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்க வைத்து, தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, பால் ஊற்றி, நல்ல சாயமாக ஒரு தேத்தண்ணி போட்டேன். சுடுதண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு அதே குவளையில் ஊற்றினேன். பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு வந்து அண்ணி முன்னால் வைத்தேன்.

"அவன் தூங்கறான். எந்திரிச்சா நான் போயிப் புடிச்சிக்கறேன். நீங்க குடிங்க. இனிமே தினமும் அவன் தூங்குற நேரம் உங்களுக்குத் தேத்தண்ணி நேரம். நான் வேலைக்குப் போற நாள்ல ஃபிளாஸ்க்குல போட்டு வெச்சிட்டுப் போறேன்."

அண்ணி என்னைப் பார்த்தார், படுக்கையறைக் கதவைப் பார்த்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குவளையை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து, ஒரு பாதியைத் தேத்தண்ணியில் முக்கி, பதம் பார்த்து எடுத்தார். பழக்கத்தில் கை தானாகப் பக்கத்தில் யாருக்கோ நீண்டது. அங்கே கவின் இல்லை, நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"உழுந்துறும் கலா, சீக்கிரம். வாயத் தொற" என்றார்.

திறந்தேன்.